அக்காவிடம் இருக்கிறது

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வரும்: "அக்காவிடம் இருக்கிறது, பொறு." அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டே இருக்கும். தியாகராய நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், என் ஆயுளில் கணிசமான பகுதியை அந்த வரியைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. பஸ் வரக் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுகிற ஆள் நான். என்னைப் போய் ஒரு கம்ப்யூட்டர் பொறு என்று சொன்னால் எப்படி இருக்கும்? காலை ஆட்டுவேன், நகத்தைக் கடிப்பேன், கீழே கடை வாசலில் ஒலிபெருக்கியில் தள்ளுபடி, தள்ளுபடி என்று கூவுகிறவரை மனசுக்குள் திட்டுவேன். இத்தனைக்கும் அந்த வரியை எழுதி வைத்த அக்காவே ஒரு இடத்தில் உட்காருகிறவர் இல்லை. கம்ப்யூட்டர் வேலை செய்யும் நேரமெல்லாம் ஜன்னலுக்கும் பிரின்டருக்கும் நடுவே செருப்புத் தேய நடந்துகொண்டிருப்பார். நான் உட்கார்ந்து ஆட்டுவேன், அவர் நின்று நடப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பெனியை நடத்தியவர் அக்காவின் தம்பி. தம்பி அவரை அக்கா என்று கூப்பிட்டதால் வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் அவர் அக்காவாகிவிட்டார். அக்கா மட்டும் ஆபீஸ் நேரத்தில் தம்பியை சார் என்றுதான் சொல்வார். முதலில் எனக்கு அது நாடகம் போலத் தோன்றியது. பிறகு, அந்தச் சொல்லை அவர் ஒரு வேலியாக வைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. இருவருக்கும் வயதில் நிறைய இடைவெளி. தம்பியை ஸ்கூலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் தூங்கி விழாமல் தொடையில் கிள்ளி வைத்ததும் அக்காதான். தம்பி கேட்டு அவர் முடியாது என்று சொன்னதாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. கான்வென்ட் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவர், தம்பி கம்பெனி ஆரம்பிக்கிறான் என்றதும் அதை விட்டுவிட்டு வந்து, புரோகிராம் எழுதுவதைத் தானாகவே படித்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது ஒரு பேச்சுக்கு.

நாங்கள் செய்தது ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருள். பரிசோதனை முடிவு ஒரு தாளில் அச்சாகி வருமே, பக்கத்தில் இயல்பு அளவு என்று ஒரு பத்தி இருக்குமே, அந்தத் தாளை அச்சிடுகிற புரோகிராம். ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர் வேறு, அலகு வேறு, இயல்பு அளவுகள் வேறு. குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பத்தி முழுவதுமே வேறு. ஆகவே புரோகிராமில் ஒரு மாற்றம் செய்தால், எல்லா நிலையங்களுக்கும் தனித்தனியே ஒரு பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். இந்தப் பொட்டலம் கட்டுவதைத்தான் நாங்கள் பில்ட் என்போம். அதைச் செய்ய ஆபீஸில் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பில்ட் ஓட்டினால் ஒருவர் எழுதுவதன் மேல் இன்னொருவர் எழுதிவிடுவார். அதனால் ஒருவர் ஆரம்பித்ததும் அவர் பெயரில் ஒரு குட்டி ஃபைல் உருவாகும். அதுதான் பூட்டு. அது இருக்கும்வரை மற்றவர்களுக்கு அந்த வரிதான் தெரியும், வைத்திருப்பவரின் பெயரோடு. அவர் வேலை முடிந்ததும் பூட்டு தானாக மறையும். இது போதாதென்று அக்கா இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல பொட்டலங்களைக் கட்டும் திராணி உள்ளது. ஆனாலும் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. நான்கு அடுப்பு உள்ள சமையலறையில் ஒரே அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு விருந்து சமைப்பது போலத்தான்.

சில நாள் கரண்ட் போகும், அல்லது கம்ப்யூட்டர் நடுவில் சுருண்டுவிடும். அப்போது வேலை செத்துப்போயிருக்கும், பூட்டு மட்டும் அநாதையாக நிற்கும். அதை நாமே கையால் எடுத்துப் போட வேண்டும். எடுப்பது நொடி வேலை. ஆனால் அக்காவின் சட்டம் என்னவென்றால், எடுப்பதற்கு முன்னால் பூட்டுக்கு உரியவரை நேரில் கண்டு கேட்க வேண்டும். "ஃபைலைக் கேக்காதே, ஆளைக் கேளு" என்பார். அந்த ஆள் சாப்பிடப் போயிருந்தால் மெஸ்ஸுக்குப் போக வேண்டும். எங்களோடு வேலை பார்த்த மாம்பலத்துக்காரன் ஒருவன், ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரையும் மச்சி என்று கூப்பிடுகிறவன், ஒரு நாள் பூட்டைப் போட்டுவிட்டு, கீழே புடவை எடுக்க வந்திருந்த தன் அம்மாவுக்கு உதவி செய்யப் போய்விட்டான். நான் அந்தக் கூட்டத்தில் பட்டுப்புடவைப் பிரிவுவரை முட்டி மோதிப் போய், எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு அவன் அம்மாவின் தோளில் ஒரு முந்தானையை விரித்துப் பார்த்தான். இதுதான் எங்கள் ஆபீஸில் தினமும் நடந்த உரையாடல். எடுக்கட்டுமா? எடுத்துக்கோ. எடுக்கட்டுமா? வேண்டாம், இன்னும் முடியல. கேள்வியிலோ பதிலிலோ யாருக்கும் கோபம் இருக்காது. மாம்பலத்துக்காரன் மட்டும் அவ்வப்போது முணுமுணுப்பான். "இன்னா மச்சி, ஒரு ஃபைல தூக்கறதுக்கு ஊரெல்லாம் ஆள தேடிக்கினு கீறோம்." அக்கா ஊரில் இல்லாத நாட்களில் அவன் யாரையும் கேட்காமல் தூக்கிவிடுவான் என்பது ஊரறிந்த ரகசியம்.

அப்போதுதான் பெரிய ஒப்பந்தம் ஒன்று வந்தது. நகரமெங்கும் கிளைகள் வைத்திருந்த ஒரு பரிசோதனை நிறுவனம். கிளைக்கு ஒரு பொட்டலம் என்று கணக்கிட்டால், அக்காவின் ஒற்றை அடுப்பில் ஒரு பில்ட் காலையில் ஆரம்பித்து மாலைவரை ஓடியது. நடுவில் ஒரு கமா தவறிப்போனால் அந்த நாள் போச்சு. இன்னும் முடியவில்லையா என்று தம்பி தினம் வந்து நின்றார். நான்கூட அவர் பக்கம்தான். கடைசியில் அவர் மாம்பலத்துக்காரனைக் கூப்பிட்டு, எத்தனை வேலை ஒரே நேரத்தில் ஓடலாமோ அத்தனையும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு எண்ணை மாற்றும் வேலைதான் அது. மாற்றிய அன்று, டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தோம், டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம். தம்பி பாண்டி பஜாரிலிருந்து இனிப்பு வரவழைத்தார். அக்காவும் ஒன்றை எடுத்துக் கடித்தார். வாயில் இனிப்போடு அவர் ஜன்னலுக்கும் பிரின்டருக்கும் நடந்ததைப் பார்த்து, இனி என்ன நடை வேண்டியிருக்கிறது என்று கேலி செய்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா அதைப் பார்த்தார். கட்டி முடித்து இன்னும் அனுப்பாத பொட்டலங்களில் ஒன்றைச் சும்மா திறந்து பார்த்திருக்கிறார். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கான பொட்டலம். பெயர் சரி, முகவரி சரி, இயல்பு அளவுப் பத்தியில் மட்டும் பெரியவர்களுக்கான எண்கள். இது எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குழந்தையின் கிரியாட்டினின் அளவு, பெரியவர்கள் கணக்கில் பார்த்தால் இயல்பாகவே இருக்கும். தடித்த எழுத்தில் எச்சரிக்கையோடு வர வேண்டிய எண், சாதாரண எழுத்தில் சாதுவாக அச்சாகி வரும். அக்கா பதறிப்போய், எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் முதலில் செய்கிற காரியத்தைச் செய்தார்: இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். புதிய பொட்டலம் பழையதன் மேல் உட்கார்ந்தது. அது சரியாக இருந்தது. நாங்கள் வந்து பார்த்தபோது காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

நாங்கள் ஓட்டினோம். மறுபடியும் ஓட்டினோம். குழந்தைகளுக்கான எண்கள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அவற்றின் இடத்தில் இருந்தன. எண்கள் கலக்காமல் இருக்க ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு தனித் தற்காலிக ஃபைல் இருக்கும்படி தான் ஏற்கெனவே பிரித்துவிட்டதாக மாம்பலத்துக்காரன் காட்டினான். அது உண்மைதான். அக்கா சந்தேகப்பட்டது வேறொன்றை. அச்சு வேலைக்காக வெளியிலிருந்து வாங்கிய பழைய மென்பொருள் கருவி ஒன்று உண்டு. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அது எல்லாப் பொட்டலங்களுக்கும் ரகசியமாக ஒரே ஃபைலைப் பயன்படுத்துகிறதோ, இரண்டு வேலைகள் குறிப்பிட்ட ஒரு கணத்தில் மோதினால் மட்டும் ஒன்றின் எண்கள் மற்றொன்றில் விழுகின்றனவோ என்பது அவர் எண்ணம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கணம் மறுபடி வாய்த்தால்தானே நிரூபிக்க முடியும்? இரண்டு பொட்டலங்களைக் கம்ப்யூட்டரை வைத்தே ஒப்பிட முடியாதா என்று கேட்பீர்கள். கட்டிய நேரமும் உள்ளே பதிவாகிவிடுவதால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. திறந்து கண்ணால்தான் படிக்க வேண்டும். "அக்கா, கண்ணு அசந்துருக்கும்" என்றான் மாம்பலத்துக்காரன், அன்பாகத்தான். தம்பி இன்னும் அன்பாக, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க என்றார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னார். "சரி சார்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஆபீஸுக்கு வந்தபோது திரையில் அந்த வரி நின்றது. அக்காவிடம் இருக்கிறது, பொறு. அக்காவைக் காணோம். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டிலிருந்தே பில்டை ஆரம்பித்திருக்கிறார். எட்டிப் பார்த்ததில், எல்லாப் பொட்டலங்களும் எப்போதோ கட்டி முடிந்து, கடைசிக் கேள்வியில் வந்து நின்றிருந்தது. அனுப்பலாமா, ஆம் அல்லது இல்லை. பில்டை ஆரம்பித்தவரே ஆம் என்று சொன்னால்தான் முத்திரை விழும், முத்திரை இல்லாத பொட்டலத்தை எந்தக் கிளையும் ஏற்காது. அக்கா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. அரை மணி நேரம், ஒரு மணி நேரம். அன்று எங்களில் யாருமே உட்காரவில்லை. தம்பி ஜன்னலுக்கும் பிரின்டருக்கும் நடந்தார். பூட்டை எடுத்துவிட்டு நாமே புதிதாக ஓட்டலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அடுத்த வாயிலேயே, அக்காவுக்குச் சுகர் இருக்கிறது, காலையில் சாப்பிட்டாளா தெரியவில்லை என்றார். தனியாக இருக்கிறவர். வேலை உயிரோடு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஆள் எப்படி இருக்கிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

நந்தனம் சிக்னலில் ஆட்டோ நின்ற நேரத்தில் நான் எத்தனை விதமான சாவுகளைக் கற்பனை செய்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். பாதி வழியில் இறங்கி நடக்கலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டு வாசல் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தார், வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் போன், பாதி கடித்த இட்லி. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசையின் ஓரம்வரை வந்திருந்தது. பயம் போன வேகத்தில் எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிறவர் போனை எடுத்தால் என்ன என்று கத்திவிட்டேன்.

அக்கா நடப்பதை நிறுத்தவில்லை. "எடுத்தா அவன் கேப்பான். கேட்டா சரின்னு சொல்லிடுவேன்" என்றார். "எனக்கு அவன்கிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வராதும்மா. அதான் பிடிச்சு வெச்சிட்டு இருக்கேன்."

விடியற்காலையிலிருந்து ஒவ்வொரு பொட்டலமாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தாராம். பாதிகூட முடியவில்லை. பார்த்தவரை எல்லாம் சரி. கண் எரிகிறது என்றார். ஒவ்வொன்றாகக் கட்டினால் இந்தப் பயமே இல்லை, ஆனால் நாளைக்குத்தான் முடியும், நாளைக்கு என்றால் அந்த ஒப்பந்தம் தம்பி கையில் நிற்குமா தெரியாது. இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நீங்கள் பார்த்தது நிஜம்தானா அக்கா, சத்தியமாகத் தெரியுமா என்று கேட்டேன். நின்றார். "பார்த்தப்ப தெரிஞ்சுது. இப்ப தெரியல" என்றார்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. தம்பி. அக்கா நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். நல்லா இருக்காளா, நல்லா இருக்காளா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, பக்கத்தில் இருந்த மாம்பலத்துக்காரனிடம் பூட்டை எடு என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காமலே எத்தனையோ பூட்டுகளைத் தூக்கியவன் அவன். எடுத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். "சார், ஆளு நல்லா கீறாங்கன்னு இப்பதான சொன்னாங்க" என்றது அவன் குரல். "கேக்காம எப்டி சார் எடுக்கறது? நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

நான் ஸ்பீக்கரைப் போட்டு போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை, சுடும் பாத்திரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். தம்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சரி சார் என்று வந்திருக்கும். அவர் அதைக் கேட்கவில்லை. எங்கள் ஆபீஸில் நாங்கள் தினமும் மெஸ்ஸிலும் மாடிப்படியிலும் கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான், அதே சாதாரணக் குரலில் கேட்டார். "அக்கா, எடுக்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி, இன்னும் முடியல" என்றார் அக்கா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது போலிருந்தது. சேரை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் தம்பி போனை வைத்தார். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று பழையபடி ஓட்டி, மறுநாள்தான் அனுப்பினோம். அந்த நிறுவனம் வாங்கிக்கொண்டது. அடுத்த கட்ட வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அதற்கு நாங்கள் தாமதித்ததுதான் காரணமா, அவர்கள் ஏற்கெனவே வேறு ஆளைப் பார்த்து வைத்திருந்தார்களா, அதுவும் தெரியாது. தம்பி ஒரு நாளும் அக்காவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் அவரை மேடம் என்று கூப்பிட்டார். நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கம்பெனியை விற்கும்வரை மேடம்தான். இப்போது கிறிஸ்துமஸுக்குத் தம்பியிடமிருந்து கேக் வருகிறதாம், டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறாராம். அக்கா இதைச் சொல்லும்போது கேக் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்வார். எனக்குத்தான் அவர்கள் இருவரையும் ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று ஆத்திரம் வரும்.

அந்தப் பழைய கருவியை நாங்கள் பிறகு எத்தனையோ விதமாகச் சோதித்தோம். மாம்பலத்துக்காரன் பிடிவாதமாக, வேறு வேலை இல்லாத நேரமெல்லாம் அதை ஓட்டிப் பார்த்தான். அக்கா பார்த்தது ஒருமுறைகூட மறுபடி நடக்கவில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் பெரிய கம்பெனியில் பில்ட் எங்கே ஓடுகிறது என்றே யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஓடுகின்றன. காத்திருக்கச் சொல்லி எந்த வரியும் வருவதில்லை. யார் வைத்திருக்கிறார்கள், எடுக்கட்டுமா என்று தேடிப் போக ஒரு ஆளும் இல்லை. இவ்வளவு வேகம் கிடைத்த பிறகும் என் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அடையாறில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, மாலை ரிப்போர்ட் வாங்கப் போனேன். அவளும் கூட வந்தாள். மற்ற அம்மாக்கள் முதலில் எண்ணைப் பார்ப்பார்கள். நான் பக்கத்துப் பத்தியைப் படித்தேன். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன இருக்க வேண்டுமோ அதுதான் இருந்தது. வரிசையாக ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன், கிரியாட்டினினை இரண்டு தடவை. கவுன்ட்டரில் இருந்த பெண், எல்லாம் நார்மல் மேடம், கவலைப்படாதீங்க என்றாள். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அன்று ஆபீஸில் நாங்கள் ஓட்டிப் பார்த்தபோதும் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது.